வாஷி காகிதம்: ஒகாவாவில் தொடங்கி இதுவரை

ஜனவரியில் ஒகாவாவில் நண்பர்கள் வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து என் சனி, ஞாயிறெல்லாம் வாஷிக்கே போகிறது. வாஷி என்றால் ஜப்பானில் கையால் செய்யும் காகிதம். இதுவரை செய்ததை எழுதி வைக்கிறேன், டோக்கியோ பக்கம் இருப்பவர்களுக்கு உதவும்.

ஒகாவா, டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். டோக்கியோவின் இகெபுகுரோ நிலையத்தில் தோபு தோஜோ ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நண்பரும் அவர் மனைவியும் நகரத்து வேலையை விட்டுவிட்டு அங்கே ரசாயனம் போடாமல் காய்கறி விளைவிக்கிறார்கள். காலையில் வயல், மதியம் சோறும் மிசோ சூப்பும், சாயங்காலம் யுசு எலுமிச்சை மிதக்கும் வெந்நீர்த் தொட்டி; அவசரம் என்ற ஒன்றே அந்த வீட்டில் இல்லை.

ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஹொசொகாவா காகிதம். இங்கேயும் பக்கத்து ஹிகஷிச்சிச்சிபு கிராமத்திலும் செய்கிறார்கள். எடோ, அதாவது பழைய டோக்கியோ வியாபாரிகள் கணக்கெழுத வாங்கிய காகிதம் இது. 1978ல் ஜப்பான் அரசு இந்தக் கைத்தொழிலைக் காக்க வேண்டிய பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2014ல் ஷிமானேயின் செகிஷு காகிதம், கிஃபுவின் மினோ காகிதம் இரண்டோடும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலுக்கும் போனது.

காகிதம் செய்யும் பயிற்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தயாராகக் கரைத்து வைத்த கூழில் ஒரு தாள் அள்ளிவிட்டு வந்துவிடுகிறார்கள். நண்பருக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கார அம்மாவிடம், அதற்கு முந்தைய வேலையையும் செய்கிறேன் என்று கேட்டேன். சரி, உட்கார் என்றார். என் கருத்தில் வாஷியின் உயிர் அந்த முந்தைய வேலையில்தான் இருக்கிறது. இலை உதிர்ந்த பிறகு கொஸோ என்ற மல்பெரி வகைச் செடியின் கொம்புகளை வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டையை உரித்து, மேலிருக்கும் கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்து, மிஞ்சிய வெள்ளைப் பட்டையை அல்கலி என்ற காரக் கரைசலில் வேகவைத்து அலசி வைத்திருப்பார்கள். அதற்கப்புறம்தான் சிரி, அதாவது தூசு எடுப்பது. ஓடும் தண்ணீரில் பட்டையைப் பிரித்துப் பிடித்து, மொட்டு இருந்த வடு, கறுப்புத் துணுக்கு, கெட்டி நார் என்று ஒவ்வொன்றாக விரல் நுனியால் தேடிக் கிள்ளி எடுக்க வேண்டும். தண்ணீர் ஐஸ் மாதிரி. கொஞ்ச நேரத்தில் கண்ணை விட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கிறது. யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும் என்றும் தோன்றாது.

அப்புறம் நாரை அடித்துப் பிரித்துத் தொட்டித் தண்ணீரில் கலக்குகிறார்கள். கூடவே தொரோரோ ஆஓயி என்ற செடியின் வேரை நசுக்கி எடுத்த கொழகொழ நீரையும் சேர்க்கிறார்கள். நம் வெண்டைக்குச் சொந்தக்காரச் செடிதான், வழவழப்பும் வெண்டைக்காயை நறுக்கும்போது வருவதைப் போலவே இருக்கும். இது காகிதத்துக்குப் பசை இல்லை. நார் அடியில் படியாமல் தண்ணீரில் மிதந்தபடி நிற்கவும், சல்லடையில் தண்ணீர் மெதுவாக வடியவும்தான் இது. வெயில் ஏறினால் இந்த வழவழப்பு செத்துவிடும், குளிர்காலம் காகிதக்காலம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூங்கில் சல்லடையால் முதலில் கொஞ்சம் அள்ளி மேலெல்லாம் பரப்பி, திரும்ப அள்ளி முன்னும் பின்னும் ஆட்டி, கடைசியில் மிச்சத் தண்ணீரை ஒரே வீச்சில் வெளியே தள்ள வேண்டும். அந்த வீச்சில்தான் மேலே நிற்கும் கட்டிகளும் தூசும் போகின்றன. எனக்கு ஆட்டுவது கைவந்துவிட்டது, வீச்சு இன்னும் வரவில்லை. ஈரத் தாள்களை நடுவில் துணிகூட வைக்காமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். பாரம் ஏற்றித் தண்ணீரைப் பிழிந்த பிறகு ஒவ்வொன்றாக உரித்தால் கிழியாமல் தனியாக வருகிறது! கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை. பிறகு பலகையில் ஒட்டி, தூரிகையால் நீவி வெயிலில் காயவைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தாள்களை மடித்து, மடிப்பு வெளிப்பக்கம் வரும்படி அடுக்கி, நாலு துளை போட்டுத் தைத்து நோட்டுகள் செய்துகொண்டிருக்கிறேன். நோட்டு உயரத்தைப் போல ஐந்து மடங்கு நூல் எடுத்துக்கொண்டால் நடுவில் முடிச்சுப் போடும் தொல்லை இல்லை. பென்சிலுக்கும் தூரிகைக்கும் அருமையான தாள், பவுண்டன் பேனா மை மட்டும் பரவும். அதைத் தடுக்கப் படிகாரமும் விலங்குப் பசையும் கலந்த பூச்சு கொடுப்பார்கள், அடுத்து அதைப் பழக வேண்டும்.

மே மாதம் பால்கனியில் ஆழமான தொட்டி வைத்துத் தொரோரோ ஆஓயி விதைக்கிறேன். வேர் பருக்க மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டுமாம், பூ அழகாக இருக்கும் என்பதால் ஒரு செடியை மட்டும் பூக்க விடப் போகிறேன். கொஸோ வெட்டும்போது கூப்பிடுகிறேன் என்று நண்பர் சொல்லியிருக்கிறார். இந்த முறை உரிப்பதிலிருந்து தொடங்குவதாகத் திட்டம்.