சுத்தாத ரீல்

செப்டெம்பர் 19
அப்பா ராத்திரி முழுக்க நித்திரை இல்லை. ஒரு காலத்தில தியேட்டரில படம் ஓட்டினவர். "ரீலைச் சுத்தியாச்சோ" எண்டு மூண்டு தரம் கேட்டார்.

செப்டெம்பர் 20
அண்ணா ஒண்டாரியோவில இருந்து பொட்டோ அனுப்பினவர். வெறுங்காணிக்கு நடுவில பெரிய வெள்ளைத் திரை, முன்னால கார் வரிசை. அவையின்ர சின்ன ஊரின்ர டிரைவ்-இன், காருக்குள்ள இருந்தே படம் பாக்கிற தியேட்டர். இந்த சீசனோட மூடுறாங்களாம், காணி வித்தாச்சு, வீடு கட்டப் போறாங்கள். அப்பாட கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுக் காட்டினன். அவ்வளவு தூரம் வெளிச்சம் எறியிறதெண்டா ப்ரொஜெக்டரில எரியிற காபன் குச்சி எவ்வளவு முடியும் எண்டார். இப்ப டிஜிட்டல் அப்பா, படமே ஹார்ட் டிஸ்க்கிலதான் வருது எண்டன். கனநேரம் கதைக்கேல்லை. பிறகு "அப்ப என்னத்தைச் சுத்துறது?"

செப்டெம்பர் 21
மழை. டொக்டர் வரேல்லை.

செப்டெம்பர் 22
இண்டைக்கு நல்லாக் கதைச்சார். போனில வாசிச்சுக் காட்டினன், 1933 ஜூன் 6, நியூஜெர்சியில கம்டன் பக்கம் ரிச்சர்ட் ஹோலிங்ஸ்ஹெட் எண்டவர்தான் முதல் டிரைவ்-இன் திறந்தவர், அதுக்கு முதல் வீட்டு முத்தத்திலயே கார் பொனெட்டில ப்ரொஜெக்டரை வச்சு, மரத்தில துணி கட்டி, மழையில படம் தெரியுமோ எண்டு பாக்க ஸ்பிரிங்க்ளரால தண்ணி அடிச்சவராம். பின் கார்க்காரருக்கு மறைக்காம இருக்க டயருக்குக் கீழ கட்டை வச்சுப் பாத்தவராம். "வேலை தெரிஞ்ச மனுசன்" எண்டார் அப்பா. 1958 அளவில அமெரிக்காவில 4000 மட்டில இருந்ததாம். பிறகு ரீவி, வீடியோ, காணி விலை. கோடையில மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைக்கிறாங்கள், ஒன்பதுக்குப் பிறகுதான் இருட்டு, பிள்ளையளோட ஆர் போவினம்? அப்பாவுக்குக் கோவம் வந்திட்டுது. இங்க ஆறரைக்கே இருட்டிடும், இருட்டைக் கையில வச்சுக்கொண்டே எங்களால நடத்த முடியேல்லை எண்டார்.

செப்டெம்பர் 24
நேர்ஸ் வந்து "ஐயா, திங்கள் காலமை உங்களைத் தியேட்டருக்குக் கொண்டு போவம்" எண்டா. அப்பா "எத்தினை மணிக் காட்சி?" எண்டு கேட்டார். நான் கொரிடோருக்குப் போயிட்டன்.

செப்டெம்பர் 25
நித்திரை வரேல்லை. அந்த ஞாயிறு இரவுதான் திரும்பத் திரும்ப வருது, 83 யூலை 24. கொழும்பில பொரளைப் பக்கம் பிரச்சினை எண்டு கேள்விப்பட்டு முதலாளி கெதியா மூடச் சொன்னவர், கடைசி ரீலைச் சுத்தாமலே, காலமை வந்து சுத்துவம் எண்டு அப்பா ப்ரொஜெக்டர் கபினைப் பூட்டிப்போட்டு வந்தவர். திங்கக்கிழமை கபினே இல்லை. 79இல ரீவி வந்தும் எங்கட தியேட்டர் படுக்கேல்லை, சனம் வந்துகொண்டுதான் இருந்தது. அதுதான் கடைசிக் காட்சி எண்டு அண்டைக்கு ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணாட ஊரில தேதி குறிச்சு, போர்ட் போட்டு, சனத்தைக் கூப்பிட்டு மூடுறாங்கள். எனக்குப் பொறாமையாக் கிடக்கு.

செப்டெம்பர் 26
ப்ரெஷர் கூட.

செப்டெம்பர் 27
அண்ணா டிரைவ்-இன்னின்ர கடைசிக் காட்சிக்கு ரிக்கெட் எடுத்திட்டார். அப்பா சொல்லச் சொன்னது: படம் முடிஞ்ச உடன காரை எடுக்க வேண்டாம், திரை கறுக்கும் மட்டும் இருக்கட்டும்.

செப்டெம்பர் 29
காலமை 5.40. அங்க ஞாயிறு இரவு எட்டு தாண்டி. அண்ணா வீடியோ கோல் எடுத்தவர், கார் ரேடியோவில எஃப்எம்மில சத்தம், தூரத்தில திரை ஒரு முத்திரை அளவு. அப்பா கண் வெட்டாமல் பாத்தார். வலது பக்க மூலையைக் காட்டி "ரீல் மாத்தச் சொல்லிப் புள்ளி வரும், பார்" எண்டார். வரேல்லை.

6.50. ட்ரொலி வந்திட்டுது. கட் பண்ண வேண்டாம் எண்டு அண்ணாட்டச் சொன்னன். லிஃப்ட் மூடிட்டுது. போன் என்ர கையில, படம் ஓடுது, இன்னும் ரெண்டு ரீல் இருக்கும்