சோளகத்துக்கு எதிராக நாலு பேர்

அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை நாங்கள் நாலு பேர் சைக்கிள் ஓடப்போகிறோம் என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் சென்ற ஒன்றுகூடலில் சொன்னபோது, முதலில் எழுந்த கேள்வி "விசர் பிடிச்சிட்டுதோ?" என்பதுதான். கேட்டவர் என் மனைவி. இந்தக் கட்டுரையை அவருக்கான பதிலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

'ரேஸ் அக்ரோஸ் அமெரிக்கா' 1982இல் நாலே நாலு பேருடன் தொடங்கிய போட்டி. இப்போது தனியாகவும் ஓடலாம், அணியாகவும் ஓடலாம். ஜூன் மாதத்தில் கலிபோர்னியாவின் ஓஷன்சைட்டில் புறப்பட்டு அட்லாண்டிக் பக்கம் போய்ச் சேர ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர். இரவும் பகலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அணிகளுக்கு 9 நாள் தவணை. 2015இல் நாசிக்கைச் சேர்ந்த மகாஜன் சகோதரர்கள் இரண்டே பேராக அதை முடித்தார்கள். இருவரும் வைத்தியர்கள். தொழிலும் பிள்ளைகுட்டியும் உள்ளவர்களும் இதைச் செய்கிறார்களே என்று அந்தச் செய்தி என்னைப் பிடித்துக்கொண்டது.

நாலு பேர் அணி இரண்டு சோடியாகப் பிரியும். ஒரு சோடி ஐந்தாறு மணித்தியாலம் வீதியில் நிற்க, மற்றது வான் வண்டிக்குள் படுக்கும். வீதியில் நிற்கிற இருவரும் அரை மணிக்கு ஒருமுறையாவது ஆள் மாறுவார்கள். இந்த முறையை வாசித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே நாங்கள் யாழ்ப்பாணத்தில் பள்ளி விடுதியில் இருந்தபோது செய்தோம்!

தொண்ணூறுகளின் தொடக்கம், எரிபொருள் தடைக் காலம். வடமராட்சிப் பொடியளான எங்களில் இரண்டு பேருக்கு ஒரு லுமாலா சைக்கிள். பின் ரயர் தேய்ந்து வாய் பிளந்த இடத்தில் பழைய ரயர்த் துண்டொன்றை உள்ளுக்கு வைத்திருப்போம். ஒவ்வொரு சுற்றுக்கும் அது 'டக், டக்' என்று இடிக்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, முதுகில் தள்ளும். ஞாயிறு பின்னேரம் திரும்பும்போதுதான் விளையாட்டு. வல்லை வெளியில் மறைப்புக்கு ஒரு மரம் இல்லை, காற்று நேரே முகத்தில் அறையும். நெல்லியடியிலிருந்து வல்லைப் பாலம் வரை நான், பிறகு ஆவரங்கால் வரை என் சோடிக்காரன், நீர்வேலி வரை திரும்பவும் நான். "இன்னும் கொஞ்சம் நானே உழக்கிறன்" என்று வீரம் காட்டியவன் அடுத்த முறை தன் பங்கை ஓட மாட்டான். கால் சோர முதல் இறங்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் பயிற்சியின் முக்கால்வாசியும் இதுதான்: மணி அடித்தால் இறங்கு. ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு இது லேசில் வராது.

காற்றுக்குப் பயமில்லை, கன்சஸின் பக்கக் காற்றைப் பற்றி எல்லோரும் வெருட்டுகிறார்கள், பார்ப்போம். மலைதான் பயம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் என்றால் பாலம் மட்டுமே. கொலராடோவின் வுல்ஃப் கிரீக் கணவாய் 3,300 மீற்றர் உயரம்! வழி முழுவதும் ஏறுவதைக் கூட்டினால் 50,000 மீற்றரைத் தாண்டுமாம். அதற்கு முதல் கலிபோர்னியா, அரிசோனா பாலைவனம். 40 பாகை வெயில் அங்கே சாதாரணம். நாங்களோ கனடாவின் ஸ்காபரோவில் பனி வழித்துக்கொண்டிருப்பவர்கள். ஆகவே நிலவறையில் சைக்கிளை ரெயினரில் (நின்ற இடத்திலேயே உழக்க வைக்கும் தாங்கியில்) பூட்டி, மின்விசிறியை நிறுத்தி, குளிர்ச் சட்டையும் போட்டுக்கொண்டு உழக்குகிறோம். கீழே விரித்த துவாயைப் பிழிந்தால் வாளிக்குள் விழும். அந்த வாளியைப் பற்றி வீட்டில் தனியாக ஒரு வழக்கு நடக்கிறது.

சாப்பாட்டுக்கு எள்ளுருண்டையும் வாழைப்பழமும் பரவாயில்லை. ஓட்டக்காரர் உறிஞ்சும் இனிப்பு ஜெல் பைக்கற்றுகள் இரண்டாம் மணித்தியாலத்திலேயே வெறுத்துப்போகும். ஆசனப் புண்ணுக்கான களிம்பைப் பற்றி இந்தச் சங்க மலரில் எழுத வேண்டாம் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டிருக்கிறார். சரி, விடுகிறேன்.

ஓடுகிற நாலு பேரும் ஆயத்தம். வண்டியோட்ட, வழி பார்க்க, சமைக்க எங்களை விட இரண்டு மடங்கு ஆட்கள் வேண்டும். இரவில் உதவி வண்டி சைக்கிளுக்குப் பின்னாலேயே வர வேண்டும் என்பது விதி. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில், விடிய விடிய, கண் அயராமல் ஓட்டக்கூடியவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். கணித பாடத்தில் கடைசி வாங்கில் நித்திரை கொண்டவர் ஒருவர் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறார். அவரைச் சமையலுக்குப் போட்டிருக்கிறோம்.