பெடலில் கொஞ்சம் ஆட்டம் இருக்கட்டும்

புரட்டாசி பிறந்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லை அறுத்து முடித்து, இரண்டாம் போகமான கும்பப்பூவுக்குத் தொளி அடிக்கிற, அதாவது வயலைச் சேறாக உழுகிற நேரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டி, திட்டுவிளை, தெரிசனங்கோப்பு என்று சுற்றுவட்டாரத்து டிராக்டரெல்லாம் ஒரே வாரத்தில்தான் படுக்கும். பெரும்பாலும் கிளட்ச், இல்லாவிட்டால் பிரேக். எஞ்சின் வேலைக்கு வருகிறவர் கவலையோடு வருவார். கிளட்சுக்கு வருகிறவர் கோபத்தோடு வருவார். இப்போதுதானே மாற்றினோம் என்ற கோபம்.

நான் முதலில் வண்டியைப் பார்ப்பதில்லை. ஓட்டி வந்தவர் இறங்கும்போது இடது கால் எங்கே இருந்தது என்று பார்ப்பேன். பாதிப் பேருக்குக் கிளட்ச் பெடல்தான் கால்மணை. வயலில் வண்டி குலுங்கும்போது காலை ஊன்ற ஓர் இடம் வேண்டும், அது பெடலாகப் போகிறது. அழுத்தவில்லையே, சும்மாதானே வைத்திருந்தேன் என்பார்கள். சும்மா வைத்த காலின் கனத்துக்கே, பெடல் தள்ளுகிற ரிலீஸ் பேரிங், கிளட்சை விடுவிக்கிற ஃபிங்கர் என்ற நெம்புகோலைத் தொட்டுச் சுற்ற ஆரம்பித்துவிடும். நாள் முழுக்கச் சுற்றினால் பேரிங் கத்தும், எஞ்சின் ஓட்டத்தைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துகிற பிளேட் லேசாக வழுக்கிச் சூடேறும், கண்ணாடி மாதிரிப் பளபளப்பாகிப் பிடிப்பு விடும்.

இதைவிடப் பெரிய தொல்லை, ஆட்டத்தை எடுக்கச் சொல்லி வருகிறவர்கள்.

"பெடலு லூசா கெடக்குடே. கொஞ்சம் முறுக்கி விடு."

"அது லூசு இல்ல அண்ணாச்சி. அவ்வளவு இருக்கணும்."

"பழைய வண்டியில தொட்ட உடனே பிடிக்கும்."

"அதான் பழைய வண்டி அடிக்கடி இங்க வந்து நின்னுச்சு."

பெடலை விரலால் அமுக்கிப் பார்த்தால் முதலில் கொஞ்ச தூரம் கனமில்லாமல் போகும், அப்புறம் இறுகும். அந்த வெறும் தூரத்தைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். பல டிராக்டர்களில் அது ஓர் அங்குலத்துக்கு முன்னே பின்னே இருக்கும், சரியான அளவை வண்டியோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இதில் பலருக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பிளேட் தேயத் தேய இந்த ஆட்டம் அதிகமாகாது, குறையும். பிளேட்டின் மேல் இருக்கிற லைனிங் மெலிந்தால், அதை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் பிளேட், எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் பக்கம் நகரும். அதனால் ஃபிங்கரின் நுனி எதிர்ப்பக்கமாகப் பேரிங்கை நோக்கி வரும். இடைவெளி போய்விட்டால் யாரும் மிதிக்காமலே பேரிங் ஃபிங்கரை அமுக்கிக்கொண்டிருக்கும். பாதி மிதித்த கிளட்சோடு வண்டி நாள் முழுக்க ஓடுகிறது என்று அர்த்தம். பெடல் முன்பைவிட உடனே பிடிக்கிறது, சந்தோஷம் என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தோஷம் வராது. ராடில் இருக்கிற நட்டைத் தளர்த்தி ஆட்டத்தைத் திரும்பக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அதை விட்டுவிட்டு, கிளட்சைத் தொட வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்கிற நிலைமை வரை ஓட்டுகிறார்கள்.

வழுக்குகிறதா என்று சந்தேகம் வந்தால் சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்னால் ஆள் இல்லை என்று பார்த்து, பிரேக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டு டாப் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றால் பிடிப்பு இருக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால் மிச்சமிருக்கிற லைனிங்கும் தீய்ந்துவிடும்.

பிரிப்பதற்கு முன் குனிந்து கிளட்ச் ஹவுசிங்கின் அடியைப் பார்ப்பேன். கீழே சின்ன ஓட்டை ஒன்று, அதில் காட்டர் பின் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஓட்டை அடைக்காமல் இருக்கத்தான் அந்தப் பின், வண்டி ஓடும்போது அது ஆடி ஆடிச் சேற்றை உதிர்க்கும். அங்கே சொட்டு நின்றால் விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும். கறுப்பாக, மெல்லியதாக இருந்தால் எஞ்சின் ஆயில், கிராங்கின் பின்பக்க சீல் போயிருக்கிறது. தடிப்பாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் சீலைப் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் புதுப் பிளேட் மட்டும் போட்டால் அடுத்த பூவுக்கு அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். சேற்று வேலைக்கென்று இந்த ஓட்டையை அடைக்கச் சில வண்டிகளில் பிளக் கொடுப்பார்கள். தொளி முடிந்ததும் அதைக் கழற்ற வேண்டும் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. கழற்றினால் ஒரு சிரட்டைத் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து வரும்.

வண்டியைப் பிரிக்கிற வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் முன் ஆக்ஸிலுக்கு மேலே இரண்டு பக்கமும் வைக்கும் மரச்சக்கை. ஆக்ஸில் நடுவில் ஒரு பின்னில்தான் தொங்குகிறது. பின்பாதி விலகினதும் எஞ்சின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடும் பையன்களை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

திறந்ததும் ஃப்ளைவீல் முகத்தைப் பார்க்கிறோம். நீலத் திட்டும் மெல்லிய வெடிப்பும் இருந்தால் லேத்துக்குப் போக வேண்டும். புதுப் பிளேட்டை மேடுபள்ளமான முகத்தில் வைத்தால் வண்டி எடுக்கும்போது உதறும். ஃபிங்கர் மூன்றும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டாலும் அதே உதறல்தான். கேஜ் வைத்து அளந்து செட் பண்ணாமல் கண்மதிப்பில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களால்தான் என் பிழைப்பும் ஓடுகிறது. ரிலீஸ் பேரிங்கை மட்டும் டீசலில் கழுவாதீர்கள். சீல் போட்ட பேரிங்கில் உள்ளே இருக்கிற கிரீஸைக் கழுவி எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டினால் என்ன பிரயோஜனம்?

மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். டபுள் கிளட்சில் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுக்க மிதித்தால்தான் பின்னால் கருவியைச் சுழற்றுகிற பிடிஓ தண்டு நிற்கும். அதுவும் செட்டிங் சரியாக இருந்தால். வைக்கோல் சுற்றிக்கொண்டால் கிளட்சை நம்பி இறங்காதீர்கள், எஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு இறங்குங்கள்.

நம் மாவட்டத்தில் மழை இரண்டு தடவை வரும். கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. வேலையில்லாமல் ஷெட்டில் கிடக்கும் வண்டியில் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். கிளட்சை மிதித்தாலும் கியர் விழாது, கரகரவென்று கத்தும். பெடலை மிதித்தபடி மாட்டி வைக்கப் பல வண்டிகளில் கொக்கி உண்டு. நீண்ட நாள் நிறுத்தும்போது அதை மாட்டினால் பிளேட் விலகியே இருக்கும். கொக்கி இல்லாவிட்டால் ஒரு மரக்கட்டை போதும்.

பிரேக்குக்கு வருவோம். பழைய வண்டிகளில் உலர் டிஸ்க் அதிகம். உள்ளே ஆக்சுவேட்டர் என்று இரண்டு தட்டு, நடுவில் சரிவான குழிகளில் இரும்பு உருண்டைகள். ராடை இழுத்தால் தட்டுகள் எதிரெதிராகத் திரும்பும், உருண்டைகள் சரிவில் ஏறித் தட்டுகளைப் பிரிக்கும், டிஸ்க் இரண்டும் ஹவுசிங்கில் போய் அழுந்தும். நல்ல ஏற்பாடு. ஆனால் தொளித் தண்ணீர் உள்ளே போனால் அந்தக் குழிகளில் துரு விழுந்து பள்ளம் வரும். உருண்டை ஏறும், இறங்காது. காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும், ஹவுசிங்கில் கை வைக்க முடியாது. குழி அரித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஒப்பேற்றாதீர்கள், மாற்றிவிடுங்கள். லைனிங்கில் ஆயில் பட்டிருந்தால் பின் ஆக்ஸில் சீலைப் பார்க்காமல் மூடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியில் துடைத்து எடுங்கள்.

வயலில் திரும்ப இடது பெடல், வலது பெடல் தனித்தனியாக வேண்டும். ரோட்டில் ஏறியதும் இரண்டையும் சேர்த்துக் கொக்கி மாட்ட வேண்டும். செங்கல் லோடு டிரெய்லரோடு ஒற்றைப் பெடலை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். கொக்கி மாட்டினால் மட்டும் போதாது, இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்க வேண்டும். காலி ரோட்டில் லோடு இல்லாமல் ஓட்டிப் பிரேக் அடித்து, டயர் தடம் இரண்டும் ஒரே நீளமா என்று பாருங்கள். குலசேகரம், திற்பரப்புப் பக்கத்து இறக்கங்களில் ஏறின கியரிலேயே இறங்குங்கள். நடுவில் கிளட்சை மிதித்தால் எஞ்சின் பிடிப்பு போய், பின்னால் டிரெய்லர் தள்ள ஆரம்பிக்கும்.

அந்த மலைப்பக்கம்தான் எனக்கு எப்போதாவது சின்ன புல்டோசர் வேலையும் வரும். ரப்பர் தோட்டத்தில் படி வெட்டுகிற வேலையை இப்போது ஜேசிபியே பிடித்துக்கொண்டது. மேடு தட்டி நிலம் சமன் செய்கிறவர்களுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மணி வாடகைக்கு புல்டோசர் கொடுக்கிறது. தனியாரிடம் மிஞ்சியிருக்கும் பழைய டோசர்களில் ஸ்டியரிங் சக்கரம் கிடையாது, இரண்டு லீவர்தான். இடது லீவரை இழுத்தால் இடது டிராக்குக்கு எஞ்சின் ஓட்டம் அறும், அதே பக்கத்து டிரம்மை இறுக்குகிற பிரேக் பேண்டை மிதித்தால் வண்டி இடது பக்கம் திரும்பும். உலர் ஸ்டியரிங் கிளட்ச் உள்ள வண்டி சும்மா கிடந்தால் அடுக்கடுக்கான தட்டுகள் துருவில் ஒட்டி, லீவரை இழுத்தாலும் நேராகவே போகும். வேலை இல்லாத நாளிலும் எஞ்சினைப் போட்டு லீவர்களை இழுத்து விடச் சொல்வேன்.

புது ஆபரேட்டர்களிடம் இறக்கத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். இறங்கும்போது எஞ்சின்தான் இரண்டு டிராக்கையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. பிரேக் மிதிக்காமல் இடது லீவரை மட்டும் இழுத்தால் இடது டிராக் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், வண்டி வலது பக்கம் போகும். சமதரையில் பழகின கை பதறி லீவரை இன்னும் இழுக்கும், வண்டி இன்னும் வலது பக்கம் போகும். அதனால் சரிவுக்கு ஏற்றும் முன் பிரேக் பேண்ட் இரண்டும் சரியாகப் பிடிக்கிறதா என்று சமதரையில் பார்த்துவிடுங்கள். பேண்ட் தேய்ந்த டோசரை மலையில் ஏற்ற நான் சம்மதிப்பதில்லை, வாடகை எவ்வளவு போனாலும் சரி.