முன்பக்க டிக்கியில் புத்தகப்பை

நேற்று இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் ஓடிய அதே காரில்தான் இன்று காலை மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டேன். போர்ஷே 718 கேமனில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் முன்பக்கமும் ஒரு டிக்கி உண்டு. நேற்று அதில் ஹெல்மெட், இன்று அவளுடைய புத்தகப்பை.

என் கவலையெல்லாம் பிரேக் மீதுதான். 3.7 கிலோமீட்டர் சுற்றில் நேர்பாதை முடியும் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஓங்கி மிதிக்க வேண்டும். பிரேக் ஆயில் கொதிக்கக் கொதிக்கச் சூடாகும். அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும், ஆவிக் குமிழிகள் உண்டாகும், பெடல் பஞ்சுபோல் அமுங்கிவிடும். போன வருடம் எனக்கே அப்படி ஆனது. நல்ல வேளை, வேகத்தைத் தணித்துக்கொண்டு திரும்பும் கடைசிச் சுற்று அது. அன்றிலிருந்து தடத்துக்குப் போகும் முன் ஆயிலை மாற்றாமல் கிளம்புவதில்லை.

புதுச்சேரியின் உப்புக்காற்றும் சும்மா விடாது. குருசுக்குப்பத்தில் ஈரத்தோடு ஓர் இரவு நிறுத்தினால் போதும், பிரேக் டிஸ்கில் காவி நிறத்தில் துரு படிந்துவிடும். இன்று தெருமுனையை அடைவதற்குள் கரகரவென்று தேய்ந்து பளிச்சென்றாகிவிட்டது. அந்தச் சத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

டயர்களில் காற்று இன்னும் தடத்துக்காகக் குறைத்த அளவில்தான் இருக்கிறது. மாலையில் ஏற்ற வேண்டும்.