அடகில் மூழ்கிய கிண்ணங்கள்

பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கூடப் பணியாளராக நின்ற வருடங்களில் என்னிடம் ஓயாமல் கேட்கப்பட்ட கேள்வி, "இது இங்கே எப்படி வந்தது?" என்பது. எல்லாக் கூடங்களிலும் கேட்பார்கள். சீனக் கூடங்களில் கேட்பவர்களின் குரல் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கும்.

பழைய சீன ஓவியர் கு கைஷி வரைந்ததாகச் சொல்லப்படும் பட்டுச் சுருள் ஓவியம் ஒன்று அங்கே உண்டு. அரசவைப் பெண்களுக்கான அறிவுரைகளைக் காட்சி காட்சியாகச் சொல்வது. வெளிச்சத்தில் பட்டுத்துணி நலிந்துவிடக் கூடாது என்பதால் வருடத்தில் சில வாரங்கள்தான் வெளியே வைப்பார்கள். அப்படி வைத்திருந்த ஒரு நாளில், வயதான சீனர் ஒருவர் பேத்தியோடு வந்தார். ஓவியத்தைவிட அதன்மேல் இருந்த சிவப்பு முத்திரைகளையே வெகுநேரம் பார்த்தார். 18ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் சியென்லோங் தமக்குப் பிடித்த ஓவியங்களில் முத்திரை பதிப்பார், பக்கத்திலேயே எழுதவும் செய்வார். அந்த எழுத்துகளைப் பெரியவர் விரலால் காற்றில் எழுதியபடி வாய்க்குள் படித்தார். அப்புறம் பேத்தி மூலமாக அதே கேள்வி.

"1903இல் மியூசியம் வாங்கியது" என்றேன். பொய்யில்லை. ஒரு ராணுவ கேப்டனிடமிருந்து 25 பவுண்டுக்கு வாங்கியது.

"சரி, விற்றவருக்கு எப்படிக் கிடைத்தது?"

வாயடைத்து நின்றேன். அன்று இரவு முழுக்க அந்த விரல்தான் கண்ணில் நின்றது. மறுநாளிலிருந்து இடைவேளைகளில் படிக்க ஆரம்பித்தேன். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்தன. அதன் தொடர்ச்சியாக அங்கே பணியில் இருந்தவர்தான் அந்த கேப்டன். விலைச்சீட்டுக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் '1903' என்று மட்டும் சொன்னது இன்றும் உறுத்துகிறது.

அதற்கும் 40 வருடம் முந்தைய கதை இன்னும் கொடியது. 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங் அருகே இருந்த யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தைக் கொள்ளையடித்தன. பிரிட்டிஷ் முகாமில் கொள்ளைப் பொருளை ஏலம் விட்டு, வந்த பணத்தைப் படையினருக்குப் பங்கு பிரித்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் எடுத்ததில் ஒரு பகுதி தங்கள் நாட்டுப் பேரரசி யூஜினிக்குப் போய், இன்றும் பிரான்ஸின் ஃபோன்டன்ப்ளோ மாளிகையில் இருக்கிறது. தூது போனவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்ததற்குப் பழிவாங்க, அக்டோபர் 18 அன்று பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு அரண்மனையையே கொளுத்தச் சொன்னார். அந்தப் படையெடுப்பில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற இந்தியப் படைப்பொறியாளர் பிரிவினரும் போயிருந்தார்கள். 'பெகின் 1860' அந்தப் போருக்காக அவர்களுக்குக் கிடைத்த போர்ச் சிறப்புப் பட்டங்களில் ஒன்று. நம் ஊர்க்காரர் யாராவது அந்தப் புகையைப் பார்த்திருக்கக்கூடும். அதைப் படித்த பிறகு, 'அவர்கள் எடுத்துக்கொண்டு வந்தார்கள்' என்று சொல்ல வரும்போதெல்லாம் 'அவர்கள்' என்ற சொல்லில் என் நாக்கு தடுக்கும்.

ஆனால் எல்லாம் கொள்ளையில் வந்ததில்லை. 95ஆம் அறையில் சர் பெர்சிவல் டேவிட் சேர்த்த சுமார் 1,700 பொருட்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பீங்கான். அவர் 1892இல் பம்பாயில் பிறந்தவர். 1912இல் பட்டம் இழந்த பிறகும் சீனாவின் கடைசிப் பேரரசர் புயியின் குடும்பம் அரண்மனையில்தான் இருந்தது. செலவுக்குப் பணமில்லாமல் அரண்மனைப் பொருட்களை பெய்ஜிங்கில் ஒரு வங்கியில் அடகு வைத்தார்கள். மீட்க முடியவில்லை. அப்படி மூழ்கிப்போனதில் சிலவற்றை 1920களில் டேவிட் வாங்கினார். அடகு நகை மூழ்குவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் வளையல் போன விதத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள், ரசீதும் இருக்கும். இருந்தாலும் கொடுத்தவர் மனசாரக் கொடுத்தார் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் குடும்பம் ஒன்று அந்த அறைக்கு வந்தது. பையனுக்குப் பத்து வயது இருக்கும். நான் தமிழில் பேசியதும் ஒட்டிக்கொண்டான். அடகுக் கதையைச் சொன்னேன்.

"இப்போ அந்தக் காசைக் கட்டினா திருப்பிக் கொடுப்பாங்களா அங்கிள்?"

1963ஆம் வருடச் சட்டப்படி, ஒருசில விதிவிலக்குகள் தவிர, மியூசியம் தன் பொருட்களைக் கைவிட முடியாது என்றும், டேவிட்டின் பொருட்களும் நன்கொடையாக மியூசியத்துக்கே கொடுக்கப்படும் என்று 2024இல் அறிவித்தார்கள் என்றும் சொன்னேன். அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டியபடி ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்துக்கொண்டே போனான். "இதில் எதெல்லாம் அடகு வைத்தது?" என்று கேட்டான். இருவரும் சேர்ந்து தேட ஆரம்பித்தோம்.