எஃப் கோட் ஏன் அடைக்குது?

கிற்றார் பழகிற பிள்ளையள் எஃப் கோட்டில (F chord, சில சுரங்களைச் சேர்த்து ஒண்டா வாசிக்கிறது) மலைச்சு நிக்கினம்; தந்தி சத்தம் வராம அடைச்சுப்போகும். பலம் காணாதெண்டு இன்னும் இறுக்காதேங்கோ, கைதான் நோகும். சுட்டுவிரல் அமத்த வேண்டியது 6, 2, 1ஆம் தந்திகளை மட்டும் (ஆக மொத்தமானது 6, ஆக மெல்லிசு 1). மற்ற மூண்டையும் மற்ற விரல்கள் பார்க்கும். விரலைக் கொஞ்சம் பெருவிரல் பக்கமாச் சரிச்சு, எலும்புப் பக்கம் படுற மாதிரி, முதல் பிரெட்டுக்கு (கிற்றார் கழுத்தில குறுக்கால பதிச்ச உலோகக் கம்பி) ஒட்டி வையுங்கோ. பிறகு தந்தியை ஒவ்வொண்டாத் தட்டிப் பாருங்கோ. ஒண்டு அடைச்சால், அது விரல் மடிப்புக்குள்ள விழுந்திருக்கும். விரலை ஒரு நெல்லளவு மேல நகர்த்தினால் சத்தம் திறக்கும்.

மெட்ரோனோமை (தாளம் தட்டுற கருவி) நிமிசத்துக்கு 60 தட்டில வைச்சு, சி கோட் நாலு தட்டு, எஃப் கோட் நாலு தட்டு. நாளுக்கு அஞ்சு நிமிசம் காணும்.

திருகோணமலை உப்புக்காத்துக்குத் தந்தி கெதியாத் துருப்பிடிக்கும். துருத் தந்தியில விரல் வழுக்காது, நோவும் கூட. வாசிச்சு முடிய காய்ஞ்ச பருத்தித் துணியால, தந்திக்கு அடியிலயும் விட்டுத் துடையுங்கோ.