வீராணக் கரை வரையில் வாசித்தவை

ஆடி மாதத்தில் இரண்டு நாள் பயணமாகப் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வடலூர் வழியாகக் காட்டுமன்னார்கோவிலுக்குக் காரில் சென்று வந்தோம். துணிமணிகளை எடுத்துவைத்த நேரத்தைக் காட்டிலும், எந்தப் புத்தகங்களைக் கொண்டுபோவது என்று பேசி முடிக்கவே எங்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. எல்லோரும் சேர்ந்து கேட்பதற்கு ஒரு புத்தகம், தனியாக வாசிப்பதற்கு அவரவர் புத்தகம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். தனிப் புத்தகத்தைப் பற்றி யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. பொதுப் புத்தகம் மட்டும் போகிற வழியோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

இம்முறை ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தை எடுத்துக்கொண்டேன். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் குதிரையேறி வருகிற வீரநாராயண ஏரிதான் இன்றைய வீராணம் என்பதால், இந்த வழிக்கு வேறு புத்தகத்தை என்னால் நினைக்கவே முடியவில்லை. மேலும் அது 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடர். வாசகரை அடுத்த வாரம் வரை காத்திருக்கச் செய்யும் இடத்தில் அத்தியாயத்தை நிறுத்தும் அந்த முறை, காரில் உரக்க வாசிப்பதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. ஓடும் வண்டியில் எழுத்தைப் பார்த்தால் என் மகளுக்குக் குமட்டும். பக்கம் அசையவில்லை என்று கண் சொல்ல, உடல் அசைகிறது என்று உள்காது சொல்ல, இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற தொல்லை அது. எனக்கு அது இல்லை. ஆகவே வாசிக்கும் வேலை எப்போதும் என்னுடையதுதான்.

மதுராந்தகத்தைத் தாண்டும்போது முதல் அத்தியாயத்தைத் தொடங்கினேன். சாலையோரம் ஏரிக்கரை தெரிந்ததும் மகன், வந்தியத்தேவன் வந்தது இந்த ஏரிக்கா என்று கேட்டான். இல்லை, அது இன்னும் தொலைவில் இருக்கிறது என்றேன். திண்டிவனம் வருவதற்குள் இரண்டு அத்தியாயங்கள் முடிந்தன. விக்கிரவாண்டிக்கு அப்பால் சாலை மோசமானதால் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் மாமியார் கையில் வைத்திருந்தது வள்ளலார் பாடிய ‘தெய்வமணி மாலை’யின் சிறிய பதிப்பு. அவர் பிறந்து வளர்ந்தது ஏழுகிணறு. சிறு வயதிலிருந்து 1858 வரை சென்னையில் வாழ்ந்த வள்ளலார் குடியிருந்த வீராசாமித் தெரு வீடு அவர் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கந்தகோட்டத்து முருகனைப் பாடிய அந்த 31 பாடல்களிலும் ‘தருமமிகு சென்னை’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. நான் வாசிப்பதை நிறுத்தியதும் பின்னிருக்கையிலிருந்து அவருடைய முணுமுணுப்பு தெளிவாகக் கேட்டது. அது தனி வாசிப்பு. நாங்கள் கேட்பதற்காக அவர் படிக்கவில்லை. ஆனாலும் காரில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். வடலூரில், வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிற தருமச்சாலையில் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டபோது, இவ்வளவு பேருக்குச் சோறு போட்டவர் நம் பக்கத்துத் தெருவில் நடந்தவர் என்று மாமியார் பேரப்பிள்ளைகளிடம் சொன்னார். “ஆயா, நீ அவரைப் பாத்திருக்கியா?” என்று மகன் கேட்டான். அவர் சிரிக்கவில்லை, அந்தச் சிறு புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, “இதுல பாத்திருக்கேன் கண்ணு” என்றார்.

என் கணவர் ஓட்டுநர் என்பதால் அவருக்குத் தேநீர்க் கடை பெஞ்சில் கிடைக்கும் நாளிதழ் மட்டுமே. மகனுக்கு முத்து காமிக்ஸ். 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய அந்த இதழ்களைத் தம் சிறுவயதில் சேர்த்துவைத்தவர் அவர். அப்பாவின் பெயர் பென்சிலால் எழுதப்பட்ட பழைய பிரதி என்பதாலேயே மகன் அதை யாரிடமும் கொடுப்பதில்லை.

சேத்தியாத்தோப்பைக் கடந்து ஏரிக்கரைச் சாலையில் ஏறியபோது மாலையாகிவிட்டது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்த நீர் ஏரியில் நிறைந்திருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கரையில் நின்றுகொண்டு முதல் அத்தியாயத்தை மறுபடியும் வாசித்தேன். காற்றில் தாள்கள் புரண்டதால் மகள் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி என்பதையும், 2004 முதல் இதன் நீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னைக்கு வருகிறது என்பதையும் என் கணவர் சொன்னபோது, கதையில் வருகிற 74 கணவாய்களை, அதாவது மதகுகளை, எண்ணிப் பார்க்க வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த மகன் அப்படியே நின்றுவிட்டான். காலையில் கேட்ட அதே வரிகள்தாம். ஆனால் இங்கே எனக்கே புதிதாக ஒலித்தன.

காட்டுமன்னார்கோவில் வைணவ ஆசாரியரான நாதமுனிகள் பிறந்த ஊர். அவர் முன்னிலையில் யாத்திரிகர்கள் சிலர் ‘ஆராவமுதே’ என்று தொடங்கும் பத்துப் பாசுரங்களைப் பாடியதாகவும், ‘ஆயிரத்துள் இப்பத்து’ என்று முடிவில் வந்ததைக் கேட்டு, மற்றவை எங்கே என்று தேடிப் புறப்பட்டவரே ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் தொகுத்தார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. வீரநாராயணப் பெருமாள் சந்நிதியில் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

அன்றிரவு சிதம்பரத்து விடுதியில் புத்தகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. குளியலறை விளக்கின் வெளிச்சத்தில், சுவரில் சாய்ந்தபடி மகள் கடம்பூர் மாளிகையைத் தாண்டி வாசித்துக்கொண்டிருந்தாள். சேர்ந்து கேட்க வேண்டிய புத்தகத்தில் அவள் முந்திக்கொண்டது எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. “மீதி என்னனு தெரியாம தூக்கம் வரலம்மா” என்றாள். மறுநாள் திரும்பும் வழியில் நான் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து உரக்க வாசித்தேன். எல்லாம் தெரிந்திருந்தும் அவள் தம்பியிடம் ஒரு சொல்கூட முன்கூட்டிச் சொல்லவில்லை.